அறக்கட்டளை வீடு: இலவசமாகவா, தவணைக்கா?

கேள்வி – கோபிக்காரன்

வணக்கம். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த எங்கள் ஊரில், கூலி வேலைக்குச் செல்லும் 12 குடும்பங்களுக்கு வீடு கட்டித்தர எங்கள் சிறு அறக்கட்டளை எண்ணியுள்ளது. இப்போது அவர்கள் இருப்பது தகரம் வேய்ந்த சாளைகளில். ஆடிக் காற்றுக்குப் பறக்காமலிருக்கத் தகரத்தின் மேல் பழைய ஆட்டுக்கல்லை ஏற்றி வைத்திருந்ததை நானே பார்த்தேன். இலவசமாகவே கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். சிறு தவணையாவது வாங்க வேண்டும் என்கிறார்கள் மற்றவர்கள். செலவைக் குறைக்க, செங்கல் சுவரை இடைவெளி விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு உதவுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி – ஆழியாற்றங்கரை

அமெரிக்காவில் 1976-இல் தொடங்கி, 1983 முதல் இந்தியாவிலும் இயங்கும் ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டி அமைப்பின் அடிப்படை வழிமுறையைப் பாருங்கள். வீடு பெறும் குடும்பம் கட்டுமானத்தில் தன் உழைப்பைத் தர வேண்டும். லாபமில்லாக் கடனைத் தவணையில் அடைக்க வேண்டும். திரும்பி வரும் அந்தப் பணம் அடுத்த வீட்டுக்கு அஸ்திவாரமாகும். எனக்கு இது பிடித்த வழிதான். ஆனால் அன்றாடங்காய்ச்சி ஒருவர் சித்தாள் வேலைக்கு வந்து நின்றால் அன்றைய கூலி போய்விடும் என்பதால், உழைப்பை விடுமுறை நாளுக்கு வையுங்கள். தவணையையும் மாதாமாதம் கேட்காமல், மஞ்சள் வெட்டும் கரும்பு வெட்டும் நடந்து கையில் காசு புழங்கும் மாதங்களில் வாங்குங்கள்.

மறுமொழி – அவிநாசி மேஸ்திரி

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டில், செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவதால் சுவரின் நடுவே வெற்றிடம் விழும். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறக்குறைய கால் பங்கு கல் மிச்சமாகும். வெயிலும் சட்டென்று உள்ளே இறங்காது. ஆனால் கல் ஒரே அளவாக இருக்க வேண்டும். கோணல் கல்லாக இருந்தால் மிச்சமான காசு பூச்சு வேலைக்குப் போய்விடும். அடிவரிசையையும் ஜன்னல், லிண்டல் மட்டங்களையும் கெட்டியாகக் கட்ட வேண்டும். பழக்கமில்லாத கொத்தனார் முதல் வீட்டில் தடுமாறுவார். அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி – நொய்யல்

சுவருக்கு முன் மனையைப் பாருங்கள் ஐயா. எனக்குத் தெரிந்த ஓரிடத்தில், புறம்போக்கில் குடியிருந்தவர்களுக்கு ஓர் அமைப்பு வீடு கட்டத் தொடங்கி, சுவர் இடுப்பளவு எழும்பியபோது வேலை நின்றது. இன்று அதற்குள் வெள்ளாடுகள் படுத்திருக்கின்றன. பட்டா உள்ளவர்களை முதலில் அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்றார்கள். அது கிடைத்தால், கழிப்பறை, விறகடுப்புக்கு ஒரு தாழ்வாரம் போன்றவற்றை மட்டும் நீங்கள் செய்யலாம். விறகடுப்புக்கு இடம் விடாத வீட்டில் வாசலில்தான் சமைப்பார்கள்.

கோபிக்காரன்

மூவருக்கும் நன்றி. இன்று விசாரித்ததில், 12 குடும்பங்களில் நான்கிடம்தான் பட்டா இருக்கிறது. மீதி எட்டுக்காக நாளை கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போகிறோம். செங்கல்லுக்குக் கொடுப்பதாக இருந்த முன்பணத்தை நிறுத்தி வைத்துவிட்டோம்.