தினமும் நாலு வரி எழுதுறவங்க இருக்கீங்களா? உங்க அனுபவத்தச் சொல்லுங்க

கணக்கு நோட்டு:
வணக்கமுங்க. ஈரோட்டுல இருந்து எழுதறேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து வீட்டு வரவு செலவு எழுதற பழக்கம், பால் இவ்ளோ, கேஸ் இவ்ளோ, சீட்டுப் பணம் இவ்ளோனு. மாமனார் தவறின அன்னைக்கு வீடு முழுக்க ஆளுங்க, டீ போட்டுப் போட்டு கை ஓஞ்சு போச்சு, அழக்கூட நேரம் கிடைக்கல, ராத்திரி பழக்கதோஷத்துல நோட்ட எடுத்தேனுங்க, செலவெல்லாம் எழுதிட்டு கடைசில "மாமாவுக்கு வாங்கின ஹார்லிக்ஸ் 1, பிரிக்கவே இல்ல"னு எழுதிட்டு அதுக்கு நேரா விலை போட கை வரல. அப்பத்தான் அழுகையே வந்துச்சு. அதுல இருந்து கணக்கு முடிஞ்சதும் கீழ ரெண்டு மூணு வரி எழுதிட்டுத்தான் படுக்கறது. டைரினு தனியா வச்சா என்ன ஏதுனு கேப்பாங்க, கணக்கு நோட்ட எங்க வீட்ல ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க, பாத்தா காசு கேப்பனோனு பயம் :) ஜனவரில ஓசில வர்ற டைரிய நம்பாதீங்க, பொங்கல் தாண்டாது. நீங்க எப்படி எழுதறீங்க?

நைட் ட்யூட்டி:
நான் நர்ஸ்க்கா. உங்கள மாதிரி மனசுல இருக்கறத எல்லாம் எழுத வராது. எனக்கு லிஸ்ட் தான். நைட் முடிச்சு காலைல வந்து படுத்தா கண்ண மூடினதும் மாத்தி விட்ட டிரிப், போன் பண்ண வேண்டிய ஆளு, பையனோட ஸ்கூல் பீஸ்னு வரிசையா ஓடும், தூக்கம் எங்க வரும். இப்ப கிழிச்ச தினசரி காலண்டர் தாள் பின்பக்கம் எந்திரிச்சதும் செய்ய வேண்டியதெல்லாம் எழுதி தலகாணிக்கு அடில வச்சிடுவேன். இதுக்கு ஆராய்ச்சியே இருக்கு தெரியுமா, 2018ல அமெரிக்காவுல பேய்லர் யுனிவர்சிட்டில 57 பேர தூங்கற லேப்ல படுக்க வச்சுப் பாத்திருக்காங்க, படுக்கறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் இனி செய்ய வேண்டிய வேலைய எழுதினவங்க, முடிச்ச வேலைய எழுதினவங்கள விட சராசரியா 9 நிமிஷம் சீக்கிரம் தூங்கிட்டாங்களாம். வேலைய பிரிச்சுப் பிரிச்சு விவரமா எழுத எழுத இன்னும் சீக்கிரம். எங்களுக்கு 9 நிமிஷம்ங்கறது பெரிய விஷயம்ங்க.

சும்மா_ஒருத்தன்:
எல்லாரும் எழுது எழுதுன்னு சொல்றீங்க, என் கதையையும் கேளுங்க. வேலைய விட்டுத் தூக்கினப்ப கம்பெனியத் திட்டி தினமும் பக்கம் பக்கமா எழுதினேன், எழுதி முடிச்சா பிபி எகிறும், மறுநாளும் அதே திட்டு, புண்ண சொறிஞ்ச மாதிரி தான் இருந்துச்சு. கவுன்சிலிங் போனப்ப அந்த மேடம் தான் பென்னிபேக்கர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் பத்தி சொன்னாங்க. 1986ல வந்த ஆராய்ச்சி, 46 காலேஜ் பசங்க, 4 நாள் தொடர்ந்து தினம் 15 நிமிஷம், மனச ரொம்ப பாதிச்ச விஷயத்த எழுதணும். எழுதின கையோட அவங்களுக்கும் மூடும் அவுட், பிபியும் ஏறிருக்கு! ஆனா நடந்ததையும் அப்ப மனசுல பட்டதையும் சேத்து எழுதினவங்க அடுத்த சில மாசம் டாக்டர்ட்ட போனது கம்மி. அவரே பின்னாடி சொன்னது, ஒரே புலம்பல திருப்பித் திருப்பி எழுதறவங்களுக்கு பெருசா பலன் இல்ல, போகப்போக "ஏன்னா", "இப்பத்தான் புரியுது"ங்கற மாதிரி வார்த்தை கூடினவங்களுக்குத் தான் நல்லாருக்கு. நான் அப்படி மாத்தி எழுதினேன், எழுதிட்டு கிழிச்சும் போட்டுட்டேன். அதுக்கப்புறம் தினமும் எல்லாம் எழுதறதில்ல, மனசு கனத்தா மட்டும். தாங்க முடியலன்னா நிறுத்திடணும், அதையும் அவரே சொல்றாரு.

ரிட்டயர்டு:
கணக்கு நோட்டு அம்மாவுக்கு. நான் பாண்டிச்சேரி. எங்க ஊர்ல ஆனந்தரங்கப் பிள்ளைனு ஒருத்தர், பிரெஞ்சு குவர்னர் டூப்ளேக்ஸ் காலத்துல துபாஷா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தவர், 1736ல எழுத ஆரம்பிச்சு 1761ல சாகற வரைக்கும் நாட்குறிப்பு எழுதிருக்கார். கப்பல் வந்தது, சரக்கு, குவர்னர் சொன்னது, நல்லது கெட்டது எல்லாம் ஒண்ணா கெடக்கும், இலக்கியம் பண்றோம்னு நெனச்சு எழுதின மாதிரியே இருக்காது, பேச்சுத் தமிழ் அப்படியே இருக்கும். வியாபாரிம்மா அவரும். ரங்கப் பிள்ளை தெருவுல அவர் வீடு இன்னமும் நிக்குது. நல்ல தமிழ் வரலயேன்னு தயங்கறவங்களுக்குத் தான் இத சொல்றேன். எனக்கு கை நடுங்குது, அதனால போன்ல பேசியே டைப் பண்றேன், அது "முட்டி வலி"ய "முட்டை வழி"னு போடும், திருத்தறதில்ல, பேத்தி படிச்சு சிரிக்கட்டும்.

மொட்டைமாடி:
நா காலேஜ். வாட்ஸப்ல எனக்கு நானே மெசேஜ் போட்டுக்குவேன் பஸ்ல வர்றப்ப, அவ்ளோதான். ஹாஸ்டல்ல நோட்டு வச்சா எவளாவது எடுத்து சத்தமா வாசிப்பா. அக்கா நோட்டு தீந்தா என்ன பண்ணுவீங்க, எடைக்குப் போட்டுருவீங்களா?

கணக்கு நோட்டு:
எடைக்கா! ஒருக்கா வீட்டுக்காரர் பழைய பேப்பரோட கட்டி வாசல்ல வச்சுட்டாருங்க, தராசுல ஏறினத எறக்கிட்டு வந்தேன். "கேஸ் மானியம் கணக்கு அதுல இருக்குது"ன்னு சொல்லிட்டேன். இப்ப எல்லாம் அரிசி டின்னுக்குப் பின்னால தானுங்க இருக்கு. ரிட்டயர்டு ஐயா, அந்த முட்டை வழி இன்னும் நாலு எடுத்து விடுங்க.