எச்-4 பிள்ளையின் கல்லூரிச் செலவு: ஃபாஃப்சாவுக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: அமெரிக்கா வந்து எட்டு மாதம். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) மகள் 11-ம் வகுப்பு முடிக்கிறாள். கிரீன் கார்டு வரிசையில் இருக்கிறோம். ஃபாஃப்சா (மத்திய அரசின் கல்வி நிதியுதவிக்கான விண்ணப்பம்) போட்டால் உதவி கிடைக்குமா? 529 கணக்கு (கல்விச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) இப்போது தொடங்கலாமா?

பதில் 1:
கிடைக்காது. பெல் கிராண்டும் (திருப்பித் தர வேண்டாத அரசு உதவித்தொகை) அரசுக் கடனும் குடிமக்கள், கிரீன் கார்டுக்காரர்கள், அகதிகளாக ஏற்கப்பட்டோர் போன்ற சிலருக்கு மட்டுமே. பார்ப்பது பிள்ளையின் நிலையை, பெற்றோரின் விசாவை அல்ல. அதனால் இங்கே பிறந்த தம்பி இருந்தால் அவன் காலம் வரும்போது தாராளமாக விண்ணப்பிக்கலாம். அப்போது நீங்கள் குடியிருக்கும் வீட்டைக் காட்ட வேண்டாம்; ஆனால் ஊரில் வாடகைக்கு விட்ட வீடு, வாங்கிப் போட்ட மனை எல்லாம் சொத்தில் சேரும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

உங்களுக்குப் பெரிய பணம் மிச்சமாகும் இடம் உள்மாநிலக் கட்டணம், அதாவது அந்த மாநிலத்தில் குடியிருப்போருக்கு அரசுக் கல்லூரிகள் வாங்கும் குறைந்த கட்டணம். கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் எச்-4 பிள்ளைகளும் அதற்குத் தகுதி பெறலாம். பொதுவாக வகுப்பு தொடங்கும் முன் 12 மாதம் அங்கே நிரந்தரமாகக் குடியிருந்திருக்க வேண்டும். வீட்டு ஒப்பந்தம் மட்டும் காட்டினால் போதாது: ஓட்டுநர் உரிமம், மாநில வரிப் படிவம், சம்பளச் சீட்டு என எல்லாவற்றிலும் தேதி ஒத்துப்போக வேண்டும். உங்களுக்கு நேரம் இருக்கிறது. நடுவில் வேறு மாநிலத்துக்கு வேலை மாறினால் அந்த 12 மாதம் முதலிலிருந்து ஓடும்.

சிக்கல் 21 வயதில். அன்றோடு எச்-4 முடிகிறது, பெரும்பாலும் மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டுப் படிப்பின்போது. அதற்கு முன்பே மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற ஐ-539 படிவம் போட வேண்டும். மாறினால் உள்மாநிலத் தகுதி போகக்கூடும் என்பதால், சேர்வதற்கு முன்பே கல்லூரியின் ரெசிடென்சி அலுவலகத்தில் (யாருக்கு உள்மாநிலக் கட்டணம் என்று முடிவு செய்யும் இடம்) மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஐ-140 (கம்பெனி போடும் கிரீன் கார்டு மனு) நிலுவையில் இருந்த நாட்களை வயதிலிருந்து கழிக்கும் சிஎஸ்பிஏ கணக்கை வக்கீலிடம் போட்டுப் பாருங்கள்; 21 தாண்டிய பிள்ளையும் பெற்றோரின் கிரீன் கார்டில் தொடர வழிசெய்யும் சட்டம் அது. சிலருக்கு அதிலேயே தப்பிக்க வழி இருக்கும்.

எஃப்-1ஆல் நன்மையும் உண்டு. எச்-4 மாணவர் கல்லூரி நூலகத்தில்கூடச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. எஃப்-1 என்றால் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் செய்யலாம், படிப்போடு ஒட்டிய இன்டர்ன்ஷிப்புக்கும் வழி உண்டு. ஆனால் அந்தச் சம்பளம் கட்டண வித்தியாசத்தை ஈடுகட்டும் என்று நம்பி அவசரமாக மாறாதீர்கள், பெரும்பாலும் கட்டாது.

பதில் 2:
மேலே சொன்னதோடு சில.

விளம்பரத்தில் உள்ள கட்டணத்தைப் பார்த்து எந்தக் கல்லூரியையும் தள்ளிவிட வேண்டாம். மதிப்பெண்ணுக்காகக் கல்லூரியே தரும் உதவித்தொகை பல இடங்களில் விசா பார்ப்பதில்லை. நிதியுதவிக் கடிதம் வந்ததும் கடன் வரிகளை அடித்துவிட்டு, திருப்பித் தர வேண்டாத தொகையை மட்டும் கூட்டுங்கள். கடிதத்தில் இரண்டையும் கலந்துதான் காட்டியிருப்பார்கள். ஆண்டுதோறும் தொடர எவ்வளவு ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) வேண்டும் என்றும் பாருங்கள்.

கம்யூனிட்டி காலேஜில் இரண்டாண்டு படித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது நல்ல வழி. ஆனால் எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்று முதல் செமஸ்டருக்கு முன்பே பாருங்கள். கலிபோர்னியாவில் அசிஸ்ட் தளத்தில் பாடவாரியாக இருக்கிறது. பொறியியல் மாணவர்கள் கணிதம், இயற்பியல் வரிசையைத் தவறவிட்டால் ஓராண்டு கூடும். மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும்.

529: ஒரே ஆண்டு இருக்கும் நிலையில் முதலீடு வளர நேரமில்லை. மாநில வரிக் கழிவு உண்டா என்பதே கேள்வி. நியூயார்க்கில் தம்பதிக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் வரை உண்டு, கலிபோர்னியாவில் இல்லை. கல்விக்கு அல்லாமல் எடுத்தால் லாபப் பகுதிக்கு வருமான வரியும் 10 சதவீதம் அபராதமும். தம்பி இருந்தால் பயனாளியை அவன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கல்லூரிச் செலவுக்காக 2,500 டாலர் வரை வரும் ஏஓடிசி வரிச்சலுகையை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். 2026 வரி ஆண்டிலிருந்து மாணவருக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். எச்-4 பிள்ளையிடம் பொதுவாக அது இருக்காது. தனியார் கடனுக்குப் பெரும்பாலும் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ இணைக் கையெழுத்துப் போட வேண்டும்.

கடைசியாக, முதல் பில்லில் கல்லூரியின் மருத்துவக் காப்பீடு பல இடங்களில் தானாகவே சேர்ந்திருக்கும். உங்கள் கம்பெனிக் காப்பீட்டில் 26 வயது வரை மகளை வைத்திருக்கலாம், எனவே கல்லூரிக் காப்பீடு வேண்டாம் என்னும் வெய்வர் படிவத்தைக் கெடுவுக்குள் போட்டுவிடுங்கள்.