அப்பாவின் இடுப்பில் ஒரு சென்சார்

அப்பாவுக்கு வயது 76. "எனக்கென்ன, நல்லாத்தான் நடக்கிறேன்" என்பார். பார்க்கவும் அப்படித்தான் தெரியும். ஆனால் வாசல் கால்மிதி தடுக்கித் தடுமாறியது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்ததால், ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப்போனேன்.

தீப்பெட்டி அளவில் ஒரு சென்சாரை முதுகின் கீழ்ப்பக்கம் பெல்ட்டில் கட்டினார்கள். கணுக்கால்களில் காலுக்கொன்று. செல்போனில் இருக்கும் முடுக்கமானியும் (வேகம் மாறுவதை அளப்பது) கைரோஸ்கோப்பும் (திரும்புவதை அளப்பது)தான் அதற்குள்ளேயும் இருக்கின்றன.

முதலில் வராந்தாவில் நேராக நடக்கச் சொன்னார்கள். அப்பா நிமிர்ந்து, கைவீசி நடந்தார். வினாடிக்கு 1.1 மீட்டர், அந்த வயதுக்கு நல்ல வேகம். அப்புறம் 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழித்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடக்கச் சொன்னார்கள். 93, 86... 79 வருவதற்குள் நடை மாறிவிட்டது. அதுவரை ஒரே சீராக இருந்த அடிகளின் நேரம் திரையில் ஏறி இறங்கத் தொடங்கியது. பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடும் முதியவர்களுக்கு விழும் ஆபத்து அதிகம் என்று 1997-இலேயே சுவீடன் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்களாம்.

இடுப்புச் சென்சாரை ஒரு வாரம் வீட்டிலும் கட்டியிருந்தார். அந்தப் பதிவுதான் என்னை உலுக்கியது. வராந்தாவில் பார்த்த நடை அதில் இல்லவே இல்லை. அடி சிறியது, வேகம் குறைவு, திரும்பும் இடத்தில் கூடுதலாக இரண்டு மூன்று அடி எடுத்துவைக்கிறார். டாக்டர் பார்க்க நடப்பது வேறு, காபி டம்ளரோடு ஹாலைக் கடப்பது வேறு. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அளப்பதானால், தயவுசெய்து வீட்டு நடையையும் அளக்கச் சொல்லுங்கள்.

சேலம் பிசியோ எழுதியது:
நீங்கள் சொல்வது சரி. வயதாகும்போது நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது பெரிதாகக் குறையாது, அடியின் நீளம்தான் குறுகும். கெண்டைக்கால் தசை பின்னாலிருந்து உந்தும் பலம் குறைந்து, அந்த வேலையை இடுப்பு எடுத்துக்கொள்கிறது. இரண்டு பாதமும் ஒருசேரத் தரையில் இருக்கும் நேரமும் கூடுகிறது. காலை வீசும்போது விரல் நுனி தரைக்கு மேல் 1, 2 சென்டிமீட்டரில்தான் கடக்கிறது. அதிலும் கொஞ்சம் குறைந்தால் கால்மிதியே போதும், தடுக்கிவிட. அதை முதலில் எடுத்துவிடுங்கள். ஆனால் வேகத்தையும் லேசாக விட்டுவிடாதீர்கள். 65 வயதைத் தாண்டிய 34,485 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், வேகமாக நடந்தவர்களே அதிக நாள் வாழ்ந்தார்கள். என்னிடம் வருகிறவர்களுக்குக் குதிகால் தூக்கும் பயிற்சியைத்தான் முதலில் கொடுக்கிறேன்.

நெல்லையிலிருந்து ஒருவர்:
தம்பி கொடுத்த பழைய ஐஃபோனில் அம்மாவின் நடையைப் பார்க்க நினைத்தோம். அடி நீளம், நடை வேகம், இரு பாதமும் தரையில் இருக்கும் நேரம் எல்லாம் அதன் ஹெல்த் செயலியில் வரும். ஆனால் போன் இடுப்பருகே இருந்தாக வேண்டும். அம்மாவோ அதை ஃப்ரிட்ஜ் மேலே வைத்துவிட்டு வீடெல்லாம் நடப்பார். அப்பாவின் போன் சட்டைப்பையில்தான் கிடக்கும், வேட்டியில் பை ஏது? கடைசியில் தையல்காரரிடம் சொல்லி அம்மாவின் உள்பாவாடையில் இடுப்போரமாக ஒரு பை வைத்தோம். செயலியில் அவர் உயரத்தையும் மறக்காமல் பதிந்தோம். அதற்கப்புறம்தான் எண்கள் ஒழுங்காக வர ஆரம்பித்தன.