வி.வி.கிரி தொழிலாளிக்காக இருமுறை பதவி விலகினாரா?

பெரம்பூர்க்காரன்: பின்னாளில் குடியரசுத் தலைவரான தொழிற்சங்கத் தலைவர் வி.வி.கிரியைப் பற்றி, "தொழிலாளிக்காக இருமுறை அமைச்சர் பதவியை உதறியவர் கிரி" என்று கஞ்சம்ராவ் நேற்று எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. 1939இல் கிரி இருந்த ராஜாஜி அமைச்சரவை மொத்தமாக விலகியது. இந்தியத் தலைவர்களைக் கேட்காமலே வைஸ்ராய் நாட்டை இரண்டாம் உலகப் போரில் இழுத்துவிட்டார் என்பதுதான் காரணம். இதில் தொழிலாளி எங்கே வந்தான்?

கஞ்சம்ராவ்: 1928இல் வங்காள நாக்பூர் ரயில்வே வேலைநிறுத்தத்தை நடத்தியவர் அவர். 1937இல் ஜஸ்டிஸ் கட்சித் தலைவர் பொப்பிலி ராஜாவை அவருடைய கோட்டையிலேயே தோற்கடித்து, சென்னை மாகாணத்தின் தொழிலாளர் அமைச்சர் ஆனார். நீங்கள் ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

பெரம்பூர்க்காரன்: பொப்பிலியை நான் கேட்கவில்லை. 1939 தொழிலாளிக்காகவா, இல்லையா?

கஞ்சம்ராவ்: 1954? வங்கி ஊழியர்களுக்குத் தீர்ப்பாயம் கொடுத்த சம்பளத்தை மத்திய அரசு குறைத்தது. அப்போது மத்தியத் தொழிலாளர் அமைச்சராக இருந்த கிரி உடனே வெளியேறினார். இன்று எந்த அமைச்சர் செய்வார்?

பெரம்பூர்க்காரன்: அது ஒன்று. நீங்கள் எழுதியது இரண்டு.

மில்லுக்காரர்_மகன்: இரண்டு பேரும் 1974ஐ விட்டுவிட்டீர்களே. மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தத்தை அரசு நசுக்கியபோது குடியரசுத் தலைவர் யார்? கிரி. வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய ரயில்வே தொழிலாளர் சம்மேளனம் யார் வளர்த்தது? அதே கிரி. ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். என் பெரியப்பாவுக்கு வேலை போனது.

கஞ்சம்ராவ்: குடியரசுத் தலைவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது தம்பி? அமைச்சரவை சொல்வதைத்தான் கேட்க வேண்டும். அரசும் நீதிமன்றமும் நடுவில் நுழையாமல் முதலாளியும் சங்கமும் நேராகப் பேசித் தீர்க்கட்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர் அவர்.

மில்லுக்காரர்_மகன்: சொன்னார், சரி. அந்த மே மாதம் யார் பேசவிட்டார்கள்? பேச்சுவார்த்தை நடக்கும்போதே தலைவர்களைக் கைது செய்தார்கள். மனம் இருந்தால் விலகியிருக்கலாம். 1954இல் விலகத் தெரிந்தவருக்கு 1974இல் தெரியாதா?

கஞ்சம்ராவ்: தெலுங்கர் என்பதால்தானே இங்கே இத்தனை குத்தல்? ராஜாஜியை இப்படிக் கேட்பீர்களா?

பெரம்பூர்க்காரன்: மொழியை இழுக்காதீர்கள். போன மாதம் ராஜாஜியைப் பற்றி நான் எழுதியபோதும் "பிராமணர் என்பதால்தானே" என்று ஆரம்பித்தது நீங்கள்தான். என் அப்பா ரயில்வே பட்டறையில் சங்கத்துக்குச் சந்தா வாங்கியவர். கிரி பெயரை மரியாதையாகத்தான் சொல்வார். அதனால் இல்லாத ராஜினாமாவைச் சேர்க்க முடியாது. போருக்காக விலகியது போருக்காகத்தான்.

கஞ்சம்ராவ்: 1939இல் அவர் இழந்தது தொழிலாளர் துறை. இழப்பு தொழிலாளிக்குத்தான்.

பெரம்பூர்க்காரன்: இழப்பு யாருக்கு என்று நான் கேட்கவே இல்லை. எதற்காக விலகினார்? இரண்டா, ஒன்றா? எண்ணிச் சொல்லுங்கள்.