அச்சில் ஊதிய ரோமானியக் குப்பிகள்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

குப்பிப்பித்தன்:
லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அசடு வழிந்த கதையை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் ஒரு பேரீச்சம்பழம். பழுப்பு நிறம், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம், தோலெல்லாம் சுருக்கம். "இத்தனை வருஷம் இந்தப் பழம் எப்படிக் கெடாமல் இருக்கிறது?" என்று மனைவியிடம் கேட்டேன். அவள் குறிப்பைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அது கண்ணாடி! கி.பி. முதல் நூற்றாண்டு வாசனை எண்ணெய்க் குப்பி. நிஜப் பழத்திலிருந்தே அச்சு எடுத்திருக்கலாம் என்கிறார்கள். அந்தச் சுருக்கங்களைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

குழலால் கண்ணாடி ஊதும் வித்தையே கி.மு. முதல் நூற்றாண்டில்தான் சிரியா, பாலஸ்தீனப் பக்கம் பிறந்தது. அடுத்த சில பத்தாண்டுகளிலேயே அதை அச்சுக்குள் ஊத ஆரம்பித்துவிட்டார்கள். மாதுளை, இலைக்கொடி, தேர்ப் பந்தயம், கிளாடியேட்டர் சண்டை என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

பழைய பட்டறைக்காரன்:
பிளாஸ்டிக் பாட்டில் ஊதும் பட்டறையில் பதினோரு வருஷம் இருந்தவன் நான். மகளைப் பார்க்க நியூயார்க் போனபோது மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் கூட்டிப் போனாள். எல்லோரும் அழகைப் பார்த்தார்கள், நான் பார்ட்டிங் லைனைத் தேடினேன். அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு கோடு விழுமே, அது. முன்னும் பின்னும் முகம் உள்ள குப்பி ஒன்று. கோடு காதோரமாக இறங்கிச் சுருள்முடிக்குள் மறைந்துவிடுகிறது. கெட்டிக்காரன்!

கழுத்தும் வாயும் பெரும்பாலும் அச்சுக்கு வெளியே, கையால் முடித்தவை. அதனால் ஒரே அச்சில் பிறந்த இரண்டு குப்பிகளின் வாய்கூட ஒத்துப்போகாது. கைப்பிடியையும் சூடான கண்ணாடியை இழுத்துப் பிறகுதான் ஒட்டுவார்கள். அச்சு தேயத் தேயப் பூவேலை மழுங்கும். எங்கள் பட்டறையிலும் அதே பாடுதான்.

என்னியோன் என்ற கைவினைஞரின் வேலையையும் அங்கே பார்த்தேன். இன்றைய லெபனானில் இருக்கும் சீதோன் ஊர்க்காரராக இருக்கலாம் என்கிறார்கள். சின்னக் கட்டத்துக்குள் கிரேக்கத்தில் "என்னியோன் செய்தார்" என்று அச்சிலேயே வெட்டிவிடுவார். சில பாத்திரங்களின் மறுபக்கத்தில் "வாங்குபவர் நினைவுகூரப்படட்டும்" என்றும் இருக்கும். பாட்டில் ஊதிய காலத்தில் வாங்குபவரை நான் ஒருநாளும் நினைத்ததில்லை, உண்மையைச் சொல்கிறேன். 2014-15இல் அவருக்கென்றே அங்கே தனிக் கண்காட்சி நடந்ததாம். நான் போனது அதற்கு அப்புறம்.

கைசுட்டவன்:
என் கதை வேறு மாதிரி. ஆன்லைனில் ஒருவரிடம் "ரோமானியத் தலைக்குப்பி", அதாவது மனிதத் தலை வடிவக் குப்பி, வாங்கினேன். மேலே வானவில் மினுமினுப்பு. மண்ணுக்குள் ஈரம் கண்ணாடியின் உப்புச்சத்தை அரித்து, மெல்லிய அடுக்குகள் உண்டாகி, அதில் ஒளி பட்டுத்தான் அந்த நிறம் வரும் என்று படித்திருந்தேன். சந்தோஷமாக நகத்தால் சுரண்டினேன். நகத்தில் பெயின்ட்.

பழைய பட்டறைக்காரன்:
அடடா. பார்ட்டிங் லைன் எந்தப் பக்கம் போகிறது, பாருங்கள்?

கைசுட்டவன்:
மூக்கின் நடுவே.