காலையில செல்ஃப் எடுக்கல, மத்தியானம் எடுக்குது: மோட்டாரை மாத்தணுமா?

கேத்தி_150:
வண்டி 150 சிசி, 2014 மாடல், கார்புரேட்டர். கிக்கர், செல்ஃப் ரெண்டும் உண்டு. டிசம்பர் பிறந்ததுல இருந்து காலையில செல்ஃப் அமுக்கினா "டொக்"னு ஒரு சத்தம், இன்ஜின் அரைச் சுத்து சுத்தி நின்னுடுது. நியூட்ரல் லைட்டும் மங்குது. கிக்கர்ல ஸ்டார்ட் ஆயிடுது. வெயில் ஏறினதும் செல்ஃப் ஒழுங்கா எடுக்குது. பேட்டரி புதுசு, ஹாரன் கணீர்னு அடிக்குது. மெக்கானிக் செல்ஃப் மோட்டாரையே மாத்தச் சொல்றார். மாத்திடலாமா?

குன்னூர்_ஸ்பேனர்:
இப்ப மாத்தாதீங்க. முதல்ல அளந்து பாருங்க, இருநூறு முந்நூறு ரூபா மல்டிமீட்டர் போதும்.

ஹாரன் அடிக்கிறதை வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது. ஹாரன் இழுக்கிறது ரெண்டு மூணு ஆம்ப். செல்ஃப் மோட்டார் இழுக்கிறது அறுபது, எண்பது ஆம்ப். ஏதோ ஒரு இணைப்புல 0.02 ஓம் தடை இருந்தா ஹாரனுக்குத் தெரியவே தெரியாது; 80 ஆம்ப் போகும்போது அதே இடத்துல 1.6 வோல்ட் காணாம போயிடும். குளிர் புதுசா கோளாறு எதையும் உண்டாக்கல. ஆயில் கெட்டியானதால மோட்டார் கூடுதலா கரண்ட் கேக்குது, பேட்டரியோ வழக்கத்தைவிடக் குறைவாத்தான் தர முடியுது. ஏற்கெனவே இருந்த ஓட்டை அதனாலதான் காலையில மட்டும் தெரியுது. அதனால அளக்கிறதையும் காலையில, வண்டி ஜில்லுன்னு இருக்கும்போதே செய்யுங்க.

வண்டியை மெயின் ஸ்டாண்டு போட்டு நியூட்ரல்ல வைங்க. இன்ஜின் ஸ்டார்ட் ஆகாம சுத்த மட்டும் செய்யணும். அதுக்குப் பிளக் கேப்பைக் கழட்டி, ஒரு பழைய பிளக்கை அதுல மாட்டி, பிளக்கோட இரும்பு இன்ஜினைத் தொடுற மாதிரி வைங்க. பெட்ரோல் கசிவு இல்லாத இடமாப் பாத்து வைங்க. கேப்பைச் சும்மா தொங்க விட்டா சிடிஐ (ஸ்பார்க் தர்ற எலக்ட்ரானிக் பெட்டி) போயிடலாம். மீட்டர் டிசி 20 வோல்ட்ல. மூணு விநாடி அமுக்கிப் பிடிச்சு, ஒவ்வொரு தடவையும் ஒண்ணை மட்டும் பாருங்க:

1. பேட்டரி பிளஸ், மைனஸ். சும்மா இருக்கும்போது 12.5க்கு மேல, சுத்தும்போது 10க்கு மேல நிக்கணும்.
2. பேட்டரி பிளஸ்ல ஒரு முனை, மோட்டார் டெர்மினல்ல இன்னொரு முனை. சுத்தும்போது 0.5க்குள்ள.
3. பேட்டரி மைனஸ்ல ஒண்ணு, இன்ஜின்ல பெயிண்ட் இல்லாத இரும்புல ஒண்ணு. 0.2க்குள்ள.
4. மோட்டார் டெர்மினல், மோட்டார் பாடி. மோட்டாருக்கு உண்மையில போய்ச் சேருறது இதுதான்.

லக்ல (கேபிள் நுனியில போல்ட் மாட்டுற உலோக வளையம்) முனையை வைக்காதீங்க, பேட்டரியோட ஈயத்துலயே வைங்க. லக்குக்கும் ஈயத்துக்கும் நடுவுலயே கோளாறு இருக்கலாம்.

தலைகுந்தா_பனி:
ஆயிலையும் கவனிங்க. 20டபிள்யூ-50 ஊத்தியிருந்தா, உறைபனி விழுற காலையில அது கூழா நிக்கும். டபிள்யூக்கு முன்னாடி இருக்கிற எண்தான் குளிர்ல ஆயில் எவ்வளவு இளக்கமா இருக்கும்னு சொல்றது. வண்டி மேனுவல் 10டபிள்யூ-30ஐ அனுமதிச்சா குளிர்காலத்துக்கு அதுக்கு மாறலாம். டப்பாவில ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2னு (பைக் ஆயிலுக்கான தர முத்திரை) போட்டிருக்கணும். கார் ஆயில் ஊத்தினா கிளட்ச் வழுக்கும்.

கேத்தி_150:
இன்னிக்கு காலையில ஆறரைக்கு எடுத்தது. சும்மா 12.6. சுத்தும்போது 10.8. பிளஸ் பக்கம் 0.4. மைனஸ் பக்கம் 1.9. மோட்டார்ல 8.5.

குன்னூர்_ஸ்பேனர்:
கணக்கு சரியா வருது: 10.8ல 0.4ம் 1.9ம் போனா 8.5. பேட்டரி நல்லா இருக்கு. ரிலே (மோட்டாருக்குக் கரண்ட் விடுற சுவிட்ச்), பிளஸ் கேபிள் பரவாயில்லை. எர்த்துலதான், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புற வழியிலதான், ரெண்டு வோல்ட் விழுங்குது. மோட்டாரைப் புதுசா மாத்தியிருந்தாலும் இதே 8.5தான் கிடைச்சிருக்கும்.

பேட்டரி மைனஸ் கேபிள் எங்க போய் முடியுதுன்னு கையால தடவிக்கிட்டே போங்க. ஒண்ணு இன்ஜின் போல்ட்ல நிக்கும், இல்லன்னா சேஸிஸ்ல. நம்ம ஊர் மூடுபனி ஈரத்துக்கு லக் அடியில பச்சைப் பூஞ்சை மாதிரி படிஞ்சிருக்கும். சமீபத்துல இன்ஜினுக்கோ சேஸிஸுக்கோ பெயிண்ட் அடிச்சீங்களா? போல்ட்டைக் கழட்டாம மேலேயே அடிச்சுட்டுப் போறவங்க நிறைய. அதைவிட மோசம், கழட்டி, அடியில பெயிண்ட் அடிச்சு, அதுமேல லக்கை வச்சு முறுக்கிடுறது. அப்ப எர்த் வெறும் போல்ட் மரை வழியாத்தான் போகும்.

மைனஸ் கேபிளை முதல்ல பேட்டரியில கழட்டுங்க. போல்ட் உக்காருற இடத்தை, லக்கோட ரெண்டு பக்கத்தை உப்புத்தாளால வெளுப்பா மின்னுற வரைக்கும் தேய்ங்க. ஸ்டார் வாஷர் போட்டு இறுக்குங்க. இறுக்கின பிறகு மேலே வாஸ்லின் தடவுங்க, ஈரம் ஏறாது. லக்குக்குப் பக்கத்துல ரப்பரை ஒரு இஞ்ச் பின்னால தள்ளிப் பாருங்க: கம்பி செம்பு நிறத்துல இல்லாம கறுத்துப் பொடியா உதிர்ந்தா கேபிளையே மாத்தணும். பழசைவிட மெல்லிசு வேண்டாம்.

எர்த் சரியில்லாத சில வண்டியில கரண்ட் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அமுக்கினதும் கேபிள் சூடாச்சுன்னா அதுதான் அடையாளம்.

கேத்தி_150:
ஆமாண்ணா, சேஸிஸ் பெயிண்ட் தீபாவளிக்கு அடிச்சது. லக் அடியில கறுப்புப் பெயிண்ட் தடிப்பா இருந்துச்சு. தேய்ச்சு மாட்டியாச்சு. இப்ப பேட்டரி 10.4, பிளஸ் 0.4, மைனஸ் 0.1, மோட்டார் 9.9. வேகமா சுத்துது. பேட்டரி வோல்ட் 10.8ல இருந்து 10.4க்கு இறங்கினது தப்பா? இன்னொண்ணு, எப்பவாவது ஒரு தடவை "டொக்"னு மட்டும் சத்தம், சுத்தவே மாட்டேங்குது. மறுபடி அமுக்கினா எடுத்துடுது.

குன்னூர்_ஸ்பேனர்:
இறங்கினது நல்லதுக்குத்தான். வழியில தடை போனதால மோட்டார் கேக்கிற கரண்ட் முழுசா கிடைக்குது, அதான் பேட்டரி கொஞ்சம் குனியுது.

ரெண்டாவது விஷயம் கார்பன் பிரஷ், மோட்டாருக்குள்ள சுத்துற பாகத்தை உரசிக் கரண்ட் கொடுக்கிற கரித்துண்டு. சுத்தாத நேரம் பாத்து மோட்டார் பாடியை ஸ்பேனர் கைப்பிடியால லேசாத் தட்டுங்க. உடனே எடுத்தா பிரஷ் தேய்ஞ்சிருக்கு, இல்ல கூட்டுல சிக்கியிருக்கு. பிரஷ் செட் மட்டும் மாத்தினாப் போதும்.

மோட்டார் டெர்மினல் நட்டைக் கழட்டும்போது உள் நட்டை இன்னொரு ஸ்பேனரால பிடிச்சுக்குங்க. ஸ்டட் சேந்து சுத்தினா உள்ளே பிரஷ் ஒயர் அறுந்துடும். நல்ல மோட்டார் பாதி இப்படித்தான் செத்துப் போகுது. பிரிக்கிறதுக்கு முன்னாடி மூடி, பாடி, மூடி மூணுமேல ஒரு கோடு கீறிக்குங்க. ரெண்டு முனையிலயும் சின்னச் சின்ன ஷிம் வாஷர் இருக்கும், எந்தப் பக்கம் எத்தனைன்னு போட்டோ எடுத்து வைங்க. கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசுற செம்புப் பட்டை வளையம்) 600 நம்பர் தாளால மெதுவாத் தேய்ங்க. எமரி துணி வேண்டாம், துகள் செம்புல பதிஞ்சு புது பிரஷ்ஷை அரைக்கும். செம்புப் பட்டைகளுக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துல கரிப்பொடி நிக்காம ஊசியால எடுத்துடுங்க. அப்புறம் மீட்டரை பீப்ல வைங்க: பட்டைக்கும் பட்டைக்கும் பீப் வரணும், பட்டைக்கும் ஷாஃப்டுக்கும் வரவே கூடாது. வந்தா ஆர்மேச்சர் (மோட்டாருக்குள்ள சுத்துற சுருள்) போச்சு, அப்ப மோட்டாரை மாத்துங்க. உள்ளே இன்ஜின் ஆயில் இருந்தா ஷாஃப்ட் ஆயில் சீலையும் மாத்தணும், இல்லன்னா புது பிரஷ்ஷும் ஊறிப்போகும்.

தலைகுந்தா_பனி:
இத்தனைக்குப் பிறகும் நல்லாச் சுத்தி, ஸ்டார்ட் ஆக மட்டும் நேரமானா கார்புரேட்டரைப் பாருங்க. ஊட்டி 2,240 மீட்டர் உயரம்; காத்தழுத்தம் சமவெளியைவிடக் கிட்டத்தட்ட கால்பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்துல சரியா இருந்த கலவை இங்க பெட்ரோல் மிகுந்து நிக்கும், பிளக் கறுத்து வறண்ட கரி படியும். கார்புரேட்டரோட கலவை ஸ்க்ரூ ஏர் கிளீனர் பக்கம் இருந்தா கால் சுத்து வெளியே, இன்ஜின் பக்கம் இருந்தா கால் சுத்து உள்ளே. செல்ஃபை அஞ்சு விநாடிக்கு மேல அமுக்கிப் பிடிக்காம, பதினஞ்சு விநாடி விட்டு மறுபடி அமுக்குங்க. இறக்கத்துல பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல உருட்டுறதையும் விடுங்க. மூடுபனிக்கு ஹெட்லைட் போட்டு நியூட்ரல்ல இறங்கினா பேட்டரிக்கு ஒண்ணும் ஏறாது, பிரேக்கும் காயும்.

கோத்தகிரி_மேடு:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். என் வண்டியில மோட்டார் "உய்ங்"னு சுத்துது, இன்ஜின் சுத்தவே இல்ல. இதுவும் எர்த்தா?

குன்னூர்_ஸ்பேனர்:
இல்லைங்க. மோட்டார் முழு வேகத்துல சுத்துதுன்னா கரண்ட் பக்கம் ஒண்ணும் குறையில்ல. ஒன்வே கிளட்ச் (செல்ஃப் மோட்டார் சுத்துறதை இன்ஜினுக்குக் கடத்துற பாகம்) பிடிக்கல. உள்ளே ரோலர், ஸ்பிரிங், இல்ல அது பிடிக்கிற கியரோட வழுவழு வட்டம் தேய்ஞ்சிருக்கும். மேக்னெட் கவரைத் திறந்து பாக்கணும். மேக்னெட்டை எடுக்கப் புல்லர் வேணும், சுத்தியலால அடிச்சா காந்தம் உடையும். ரோலர் மட்டும் புதுசு போட்டு, கோடு விழுந்த கியரை அப்படியே விட்டா சீக்கிரமே மறுபடி வழுக்கும், ரெண்டையும் சேத்து மாத்துங்க. பேட்டரி இறங்கின நிலையில விடாம செல்ஃப் அமுக்கினீங்களான்னு யோசிச்சுப் பாருங்க. மெதுவாச் சுத்துற இன்ஜின் கிக்பேக் அடிக்கிறப்போ (திடீர்னு பின்னாடி உதைக்கிறப்போ) முதல் அடி வாங்குறது இந்த ரோலர்தான். அதனால கவரை மூடுறதுக்கு முன்னாடி மேலே சொன்ன நாலு அளவையும் உங்க வண்டியிலயும் எடுத்துடுங்க.