இருபது வாரத்தில் முடிந்த விடுப்பு

2023ஆம் ஆண்டில் எனக்கும் என் அக்காவுக்கும் மூன்று மாத இடைவெளியில் குழந்தை பிறந்தது. அரசுப் பள்ளி ஆசிரியையான அக்காவுக்கு ஊதியத்துடன் ஓராண்டு விடுப்பு. 2021 ஜூலை 1 முதல் தமிழக அரசு ஊழியர்களுக்கு ஒன்பது மாத மகப்பேறு விடுப்பு பன்னிரண்டு மாதமாகியிருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்த எனக்கு 26 வாரம். 2017 வரை 12 வாரம்தான் இருந்தது என்பதால் அதையே பெரிதாக நினைத்திருந்தேன்.

ஆனால் அந்த 26 வாரம் பிரசவத்தன்று தொடங்குவதில்லை. ரத்த அழுத்தம் ஏறியதால் ஆறு வாரம் முன்னதாகவே விடுப்பில் போனேன். மீதி இருந்தது 20 வாரம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று ஒவ்வொரு தடுப்பூசியின்போதும் செவிலியர் சொல்லி அனுப்புவார். நான் வேலைக்குத் திரும்பிய அன்று மகளுக்கு ஐந்து மாதம்கூட நிறையவில்லை. கர்ப்பகால நோய்க்கென்று மருத்துவச் சான்றுடன் மேலும் ஒரு மாதம் வரை ஊதிய விடுப்பு கேட்கலாம் என்று 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 10ஆம் பிரிவில் இருந்ததை அதன் பிறகே அறிந்தேன். அலுவலகத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில்தான் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். நாங்கள் முப்பத்தைந்து பேர். பழைய கோப்புகள் அடுக்கிய அறையில், கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து, பாலைப் பீய்ச்சி ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைப்பேன். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாட்களில் அதற்கும் நேரமிருக்காது. பால் கட்டிக்கொண்டு காய்ச்சலுடன், நனைந்த இடத்தைத் துப்பட்டாவால் மூடியபடி ஆவடி வரை மின்சார ரயிலில் நின்றுகொண்டே போயிருக்கிறேன்.

மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் ஊழியரான என் கணவருக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. சொந்த விடுப்பில் இரண்டு நாள் இருந்தார். சிசேரியன் தையல் ஆறும் முன்பே அவர் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. அறுவடையைப் பாதியில் விட்டுவிட்டு ஊரிலிருந்து அம்மா வந்தார்.

பிறகு வேறு வேலை தேடியபோது ஒரு நேர்காணலில், இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்டார்கள். கோபம் வந்தது. ஆனால் அந்தக் கேள்வியின் வேர் எங்கே என்பதும் கணக்கு எழுதுபவளான எனக்குத் தெரியும். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி, ஈஎஸ்ஐ என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவரின் விடுப்பு ஊதியத்தை ஈஎஸ்ஐயே தருகிறது. அதற்கு மேல் வாங்குபவர்களுக்கு நிறுவனமே முழுவதையும் கொடுக்கிறது. இந்தச் செலவை எல்லா நிறுவனங்களும், ஆண்களை மட்டுமே வேலைக்கு வைத்திருப்பவையும் சேர்த்து, பங்கு செலுத்தும் பொது நிதிக்கு மாற்றாமல் விடுப்பை மட்டும் நீட்டினால், அந்தக் கேள்வியை அடுத்த பெண்ணிடமும் கேட்பார்கள்.